அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா?

தண்டையார்பேட்டையில் எங்கள் சர்ச்சில் ஒரு கல்யாணம் என்றால், அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள். அந்த மூன்று வாரத்துக்குள் மாப்பிள்ளைப் பையனை ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைப்பார் ஆயர். பெண்ணும் கூட வந்தால் ரொம்ப நல்லது. நான் டீ போடப் போவேன், என் மனைவி அவர்களோடு பேச்சை ஆரம்பித்துவிடுவாள். வருகிறவர்கள் துறைமுகத்திலும் கண்டெய்னர் யார்டிலும் ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப்.பிலும் வேலை செய்கிற பையன்கள், டெலிவரி வண்டி ஓட்டுகிற பையன்கள். முக்கால்வாசிப் பேர் மனதில் இருப்பது ஒரே கேள்விதான். "அங்கிள், குடும்பத்துக்குப் புருஷன்தான் தலைன்னு பைபிள்ல இருக்கு. அதை வீட்ல எப்படி நடத்துறது?"

நான் உடனே பதில் சொல்வதில்லை. பைபிளைக் கையில் கொடுத்து, எபேசியர் 5-ஆம் அதிகாரத்தை 21-ஆம் வசனத்திலிருந்து சத்தமாக வாசிக்கச் சொல்வேன். "தெய்வ பயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அது ஆரம்பிக்கிறது. அதற்கு அப்புறம் மனைவிக்கு 22 முதல் 24 வரை மூன்று வசனம். 25-லிருந்து 33 வரை அநேகமாக எல்லாமே புருஷனுக்குச் சொன்னது. எத்தனையோ கல்யாண ஆராதனைகளில் காதில் விழுந்த பகுதிதான். தானே வாய்விட்டு வாசிக்கும்போதுதான் தன் பங்கு இவ்வளவு நீளமா என்று தெரிகிறது.

கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்தார், அதேபோல மனைவியிடம் அன்புகூரு என்பது 25-ஆம் வசனம். பையன்கள் இதைக் கேட்டதும் உணர்ச்சிவசப்படுவார்கள். "அவளுக்காக உயிரையே குடுப்பேன் அங்கிள்" என்று ஒரு பையன் கண்கலங்கச் சொன்னான். மனதாரத்தான் சொன்னான். "சரிப்பா, இன்னும் நாலு வசனம் தள்ளி வாசி" என்றேன். "தன் சொந்த மாம்சத்தைப் பகைத்தவன் ஒருவனுமில்லையே, கர்த்தர் சபையைப் போஷித்துக் காப்பாற்றுகிறதுபோல ஒவ்வொருவனும் தன் மாம்சத்தைப் போஷித்துக் காப்பாற்றுகிறான்." இது 29. இதை எழுதின பவுல் இங்கே பேசுவது உடம்பைப் பற்றி. பசித்தால் நம் வயிற்றுக்குச் சோறு போடுகிறோம், அடிபட்டால் அந்த இடத்தைத் தடவிக்கொடுக்கிறோம், களைத்தால் படுக்கிறோம். இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கவனம் அவள் உடம்பின் மேலும் இருக்க வேண்டும் என்கிறார். அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா, எங்கே வலிக்கிறது என்று தெரியாத புருஷன் ராத்திரி முழுக்க ஜெபித்தாலும் இந்த வசனத்துக்குக் கீழ்ப்படியவில்லை என்பதுதான் என் திடமான எண்ணம்.

இந்த எண்ணம் எனக்குப் பிரசங்கம் கேட்டு வந்தது இல்லை, வீட்டில் வந்தது.

என் மனைவி எண்ணூர் முகத்துவாரம் பக்கத்துக் குப்பத்துப் பெண். மீன்பிடிக்கிற குடும்பம், ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். நாங்கள் சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபை. 1990-களின் கடைசியில் கல்யாணம். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, என் அம்மா, அப்புறம் பிள்ளைகள் இரண்டு பேர், எல்லாம் மாடிப் போர்ஷனில். எனக்குத் திருவொற்றியூரில் ஒரு யார்டில் ஏற்றி இறக்கும் சரக்கை எண்ணி டேலி எழுதும் வேலை, மாற்றி மாற்றி ஷிஃப்ட். அவள் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பாள். 2015 பெருவெள்ளத்துக்கு அடுத்த வருஷம், ஒருநாள் விடியற்காலையில் நான் ஷிஃப்ட் முடிந்து வரும்போது மாடிப்படியில் பாதியில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். சுவரில் தலை சாய்ந்திருந்தது. உதடு வெளுத்துப்போயிருந்தது. "ஒண்ணும் இல்லீங்க, எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதான்" என்றாள். மாதவிலக்கு பத்து நாளைக்கு மேல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கே லீவு சொல்லிவிட்டு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் 7 கிராம்தான் இருந்தது. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. டாக்டர் அம்மா சொன்னதெல்லாம் அவளுக்குப் பயத்தில் காதில் ஏறவே இல்லை. இதனால்தான் பையன்களிடம் சொல்கிறேன்: மனைவியை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு டீக்கடையில் நிற்காதீர்கள். உள்ளே விடுகிற இடம்வரை போங்கள். ஒரு சின்ன நோட்டில் எத்தனை நாளாக ரத்தப்போக்கு, என்ன மாத்திரை, முன்னால் எடுத்த ஆபரேஷன் எது என்று எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்டால் மனைவியின் கடைசி மாதவிலக்குத் தேதியைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. பன்னிரண்டு வருஷம் பெரும்பாடு, அதாவது நிற்காத ரத்தப்போக்கு, உள்ள ஒரு ஸ்திரீ இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள். கூட்டத்துக்கு நடுவில் நின்று அவள் பேச்சைக் கடைசிவரை கேட்டவர் அவர். அவளை "மகளே" என்று கூப்பிட்டார்.

கட்டியை எடுப்பதற்கு முன்னால் ரத்த அளவைக் கூட்ட வேண்டும் என்றார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. எங்கள் தெருவைப் பார்த்தால் அதை நம்பக் கஷ்டமே இல்லை. காரணம் தட்டிலேயே இருக்கிறது. வீட்டில் மீன் குழம்பு வைத்தால் வஞ்சிரத்தில் நடுத்துண்டு எனக்கு, அடுத்தது பிள்ளைகளுக்கு, அம்மாவுக்கு முள் இல்லாததாக ஒன்று. எல்லோரும் எழுந்தபின் அவள் உட்காரும்போது சட்டியில் வாலும் குழம்பும் இருக்கும். கடற்கரையில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு, தன் கையால் சுத்தம் செய்து சமைத்த மீனில் வால். இதை யாரும் கொடுமை என்று நினைத்துச் செய்யவில்லை. எங்கள் அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டார்கள், அவர்களுடைய அம்மாவும் அப்படித்தான்.

அதனால் வீட்டில் ஒரு மாற்றம் கொண்டுவந்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாக உட்காருவது. சட்டியையும் பானையையும் நடுவில் வைத்துவிடுவது. முதல் தட்டு அவளுக்கு, போடுவது நான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் கறிக்கடையில் சொல்லிவைத்துச் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கிவருவேன். ரத்தம் ஊற அதைப்போல எதுவும் இல்லை என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை, இரும்புச் சத்து அதில் நிறைய இருப்பதும் உண்மை. நன்றாகக் கழுவி, உப்பும் மிளகும் போட்டு, தோசைக்கல்லில் மூடிவைத்து வேகவிட்டு, துண்டு போட்டுக் கொடுப்பேன். வாடை பிடிக்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவாள். இரும்பு மாத்திரையை டீயோடு போட்டால் உடம்பில் சேராது என்று நர்ஸ் சொன்னார்கள். எங்கள் வீட்டில் யாருமே டீ இல்லாமல் எழுந்திருக்க மாட்டோம். மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விட்டு, மாத்திரையை எலுமிச்சம்பழ ஜூஸோடு கொடுத்துப் பழக்கினேன். குடும்ப ஜெபத்தில் "ஆண்டவரே, இவளுக்கு நல்ல சுகம் தாரும்" என்று சொல்லிவிட்டு மாத்திரை டப்பாவை எடுத்து நீட்டுவது எனக்கு ஒரே காரியமாகத்தான் பட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஆறு வாரம் பாரம் எதுவும் தூக்கக்கூடாது என்றார்கள். பாரம் என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் தண்ணீர்க் குடம். ஒரு பிளாஸ்டிக் குடத்தில் ஏறக்குறைய 15 லிட்டர், அதாவது 15 கிலோ. மெட்ரோ தண்ணீர் விடியற்காலையில் வரும், கீழே இருக்கிற அடிபம்பில் அடித்து மாடிக்கு ஏற்ற வேண்டும். லைனில் வராத நாளில் தெருமுனை லாரிக்குப் போக வேண்டும். அந்த வரிசையில் நிற்பது எல்லாம் பெண்கள். முதல்நாள் நான் குடத்தோடு போய் நின்றபோது ஒரு அக்கா, "இன்னா தம்பி, வீட்ல ஆள் இல்லியா?" என்று கேட்டார்கள். ஆபரேஷன் ஆகியிருக்கு அக்கா என்றேன். அப்புறம் அவர்களே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். குடத்தைக் கழுத்துவரை நிரப்பாதே, படியில் தளும்பி வழுக்கும். தோளில் வைத்தால் ஈரம் இறங்கி முதுகு பிடித்துக்கொள்ளும், துண்டைச் சும்மாடு மாதிரி மடித்து வை. பம்பு அடிக்கும்போது இடுப்பை வளைக்காதே. இத்தனை வருஷம் என் மனைவியின் உடம்பு என்னென்ன தாங்கியிருக்கிறது என்பதை அந்த வரிசையில்தான் என் தோள் படித்தது.

தெருவில் பேச்சு வராமல் இல்லை. "பொண்டாட்டிக்குத் தண்ணி தூக்குறான்" என்று டீக்கடையில் சொன்னார்களாம். ஆறு வாரம் முடிந்தபின் அவள் "போதுங்க, நான் எடுத்துக்கறேன்" என்றாள். இன்றுவரை நான்தான் எடுக்கிறேன். இப்போது எதிர்வீட்டுப் பையனும் எடுக்கிறான், அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது.

அந்த ஆறு வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. அவளால் குனிய முடியவில்லை. கால் நகம் வளர்ந்து புடவை நூலில் மாட்டிக்கொண்டே இருந்தது. ஒரு மத்தியானம் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனபின் பேசினில் வெந்நீர் வைத்து, காலை ஊறவைத்து, நகத்தை வெட்டிவிட்டேன். காலை இழுத்துக்கொண்டாள். "ஐயோ வேணாங்க, புருஷன் என் காலைத் தொடக்கூடாது, பாவம்" என்று அழுதேவிட்டாள். இயேசு சீஷர்களின் காலைக் கழுவினதை நினைத்து, ஆர்.சி. கோயில்களில் பெரிய வியாழன் அன்று சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவார், சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள் அவள். "பேதுருவும் இதைத்தான் சொன்னாரு. 'நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது'ன்னாரு. ஆண்டவர் விட்டாரா?" என்றேன். அதற்கு மேல் அவள் பேசவில்லை. குதிகால் பித்தவெடிப்பில் தையல் மெஷின் எண்ணெய்க் கறுப்பு ஏறியிருந்தது, அதைத் தேய்த்து எடுக்க நேரம் ஆனது.

தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நைட் ஷிஃப்ட் பார்க்கிறவன் பகலில் தூங்கினால் வீடே விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நடக்கும். குக்கர் விசில் வராது, டிவி போடமாட்டார்கள், பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் தூக்கத்துக்கு யார் அப்படிச் செய்கிறார்கள்? டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் பிளவுஸ் ஆர்டர், ராத்திரி ஒரு மணிவரை மெஷின் ஓடும், நாலரைக்குத் தண்ணீர் வந்துவிடும். எங்களுக்குப் பலன் தந்தது ஞாயிறு மத்தியானம். ஆராதனை முடிந்து சாப்பிட்டதும் பிள்ளைகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நான் வெளியே போய்விடுவேன், காசிமேட்டுப் பக்கமோ திருவொற்றியூர்ப் பக்கமோ. கதவைச் சாத்திக்கொண்டு அவள் தூங்குவாள். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று ஆண்டவர் சொன்னபோது வீட்டுப் பெண்ணையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே அறையில் மூன்று தலைமுறை இருக்கும் வீட்டில் இதைத் தாண்டி எந்தப் பிரசங்கமும் போக முடியாது. புருஷன் தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியோடே இசைந்திருப்பான் என்கிறது ஆதியாகமம் 2:24. வயசான அம்மாவைத் தனியாக விடச் சொல்கிற வசனம் அல்ல இது. அம்மாவைத் தாங்க வேண்டும், பத்துக் கட்டளையிலேயே அது இருக்கிறது. எங்கள் வீட்டில் நாங்கள் கடைப்பிடித்தது இவ்வளவுதான்: அம்மாவுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தால் அதை நான் சொல்வேன், அவள் வாயால் சொல்ல வைக்க மாட்டேன். சாப்பாட்டு வரிசையை மாற்றியதும் நான் சொன்னது. தண்ணீர் எடுப்பதும் நான் சொன்னது. அம்மா கோபித்தால் மகன்மேல் கோபிக்கட்டும், அந்தக் கோபம் சாயங்காலத்துக்குள் ஆறிவிடும். மருமகள்மேல் வந்த கோபம் அப்படி லேசில் ஆறாது. அதேபோல அவள் என் அம்மாவைப் பற்றி என்னிடம் குறை சொன்னால், அதை அம்மாவிடம் கொண்டுபோய் விசாரணை நடத்தமாட்டேன். கேட்டுக்கொள்வேன், அவ்வளவுதான். கடைசி நாட்களில் அம்மாவைக் குளிப்பாட்டியது என் மனைவி. நான் யாரையும் அதற்குக் கட்டாயப்படுத்தவில்லை.

பேதுரு புருஷர்களுக்கு எழுதினதில் ஒரு பயமான வார்த்தை இருக்கிறது. மனைவியோடு விவேகத்தோடு வாழுங்கள், அவர்களுக்குச் செய்யவேண்டிய கனத்தை, அதாவது மரியாதையை, செய்யுங்கள், "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு". 1 பேதுரு 3:7. வீட்டில் அவளோடு மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு, உபவாச ஜெபத்தில் கண்ணீர் விட்டு ஜெபிக்கிறவர்களை எனக்குத் தெரியும். அந்த ஜெபம் எங்கே நிற்கிறது என்று பேதுரு சொல்லிவிட்டார். சூரியன் அஸ்தமிக்குமுன் எரிச்சல் தணிய வேண்டும் என்ற வசனத்தை நாங்கள் ஷிஃப்டுக்குத் தகுந்தபடி வைத்துக்கொண்டோம்: நான் வேலைக்குக் கிளம்புமுன் பேசி முடித்துவிட வேண்டும். கிரேன்களுக்கும் டிரெய்லர்களுக்கும் நடுவில் போய் நிற்கிற வேலை. மனதில் சண்டையை வைத்துக்கொண்டு போகக்கூடாது, அவளும் அதை மனதில் வைத்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்திருக்கக்கூடாது. எல்லாச் சண்டையும் அந்த நேரத்துக்குள் தீர்ந்துவிடாது. "இதை நாளைக்குப் பேசலாம், இப்ப சாப்பிட்டியா?" என்றாவது கேட்டுவிட்டுத்தான் படி இறங்குவேன்.

கனம் என்பதில் அவள் சொல்லைக் கேட்பதும் அடக்கம். விசுவாசிகளின் தகப்பனாகிய ஆபிரகாமிடமே, சாராள் சொல்வதைக் கேள் என்று தேவன் சொன்ன இடம் ஆதியாகமம் 21-இல் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, 3-ஆம் தேதி சாயங்காலமே அவள் தையல் மெஷின் மோட்டாரைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தாள். கீழ்வீட்டில் இருக்கிற வயசான தம்பதியை அவர்கள் சாமானோடு நம் போர்ஷனுக்குக் கூட்டிவரச் சொன்னாள். மழை அப்போது அவ்வளவு பலமாக இல்லை. காற்றும் வானமும் அவளுக்குத் தெரியும், கடலோரத்துப் பெண். சொன்னபடி செய்தேன். மறுநாள் தெருவில் முழங்கால் தாண்டித் தண்ணீர், கீழ்வீட்டில் கட்டில் உயரம். கரண்டு நாள்கணக்கில் இல்லை.

அந்த வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது எல்லோருக்கும் நினைவிருக்கும். மீனவர்கள் வாளியும் மக்கும் வைத்துக் கையால் அள்ளினார்கள். மச்சானுடைய படகும் வலையும் அதில் கறுத்துப்போயின, வலையைக் கழுவினாலும் போகவில்லை. என் மனைவி வாய் திறந்து கேட்கவில்லை. பிறந்த வீட்டுக்குப் பணம் கேட்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு கூச்சமான காரியம் என்று கல்யாணமான ஆணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானே எடுத்துச் சொன்னேன், நம் வீட்டுச் சீட்டுப் பணத்தை அவருக்குக் கொடுப்போம் என்று. சொந்த மாம்சம் என்று சொன்னால் அந்த மாம்சம் பிறந்த வீடும் நமக்குச் சொந்தம்தான். அதேபோல பிப்ரவரி 11 வந்தால் பெரம்பூர் லூர்து மாதா கோயில் திருவிழாவுக்கு அவளோடு போவேன். எங்கள் சர்ச்சில் சிலருக்கு அது பிடிக்காது. அவள் கும்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பேன். மெட்ரோ ரயில் 2021-இல் விம்கோ நகர்வரை வந்தபிறகு அவள் அம்மா வீட்டுக்குப் போவதும் சுலபமாகிவிட்டது. போய்வர அவள் என்னிடம் அனுமதி கேட்பதில்லை, எப்போது திரும்புவாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. சம்பளம் வந்த அன்றைக்கே இரண்டு பேரும் உட்கார்ந்து நோட்டில் எழுதுங்கள். அவள் எடுத்த குழு லோன், கடையில் வைத்த நகை, உங்கள் நண்பனுக்குக் கொடுத்த கைமாற்று, எல்லாம் அதில் வரட்டும். அவளுடைய ஏ.டி.எம். கார்டு அவளிடமே இருக்கட்டும். காணிக்கையும் தசமபாகமும் கொடுக்கிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதை "கொர்பான்", தேவனுக்குக் கொடுத்தாயிற்று, என்று சொன்னவர்களை இயேசு கண்டித்தார், மாற்கு 7-இல் இருக்கிறது. மனைவியின் ஸ்கேனைத் தள்ளிப்போட்டுவிட்டு ஆலயக் கட்டிட நிதிக்குக் கொடுப்பதும் எனக்கு அந்தக் கணக்கிலேயே சேரும். சொந்த வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8 இன்னும் கடுமையாகவே சொல்கிறது.

படுக்கையைப் பற்றியும் பேசுவோம், கதவைச் சாத்திவிட்டு, பையன்களிடம் மட்டும். மனைவியின் சரீரத்துக்குப் புருஷன் அதிகாரி என்று 1 கொரிந்தியர் 7:4-ஐப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். மீதிப் பாதி, புருஷன் சரீரத்துக்கு மனைவி அதிகாரி என்கிறது. அடுத்த வசனத்தில் இருவருடைய சம்மதம் பேசப்படுகிறது. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆபரேஷனுக்கு அப்புறம் டாக்டர் சொன்ன காலம் தாண்டியும் அவள் பயம் தெளிகிறவரை காத்திருப்பது அன்பில் சேர்ந்தது. "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது" என்பதைச் சுவரில் வாசகமாக மாட்டிவைத்திருக்கிற வீடுகளில் இதைப் பேச ஆள் இல்லை.

இப்போது எழுதப்போவது எனக்கு ரொம்ப முக்கியம். கை ஓங்குகிற புருஷனிடம் "நல்ல புருஷனாக மாறு" என்று சொல்லிவிட்டு, அடிபட்ட பெண்ணிடம் "பொறுத்துக்கோம்மா, ஜெபம் பண்ணு, அவர் இரட்சிக்கப்படுவார்" என்று அனுப்பிவைக்கிற வழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. குடித்துவிட்டு அடிக்கிறவனும் உண்டு, குடிக்காமல் வசனம் சொல்லி அடிக்கிறவனும் உண்டு. இரண்டாமவனைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. மல்கியா 2-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். பீடம் கண்ணீரால் நிரம்பியிருக்கிறது, அதனால் கர்த்தர் காணிக்கையை மதிக்கமாட்டார், காரணம் இளவயதின் மனைவிக்குச் செய்த துரோகம். அவள் உன் தோழி, உன் உடன்படிக்கையின் மனைவி என்கிறார். அடிவாங்கும் பெண் பத்திரமான இடத்துக்குப் போவது விசுவாசக் குறைச்சல் இல்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. இந்த எண்ணை எங்கள் வீட்டுக்கு வரும் பெண்ணின் போனில் என் மனைவி பதிந்துகொடுப்பாள், மாப்பிள்ளையின் கண்ணெதிரே. முகம் சுளித்தவர்கள் இருக்கிறார்கள். எதற்காகச் சுளிக்கிறார்கள் என்று அப்போதே உட்கார்ந்து பேசுவது பிறகு பேசுவதைவிட நல்லது.

பாராட்டு என்ற ஒன்று நம் ஆண்களுக்கு வாயில் வராது. நீதிமொழிகள் 31-இல் குணசாலியான ஸ்திரீயைப் பற்றிக் கல்யாண வீடுகளில் வாசிக்கிறோம். அவள் விடியுமுன் எழுந்திருப்பதையும் கை ஓயாமல் உழைப்பதையும் எடுத்துச் சொல்கிறோம். அவள் புருஷனும் அவளைப் புகழ்கிறான் என்பது அதே அதிகாரத்தில் 28, 29-ஆம் வசனங்கள். நான்குபேர் இருக்கும்போது "அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிப் பழகின நாக்கை அங்கே திருத்த வேண்டும். என் மனைவி தைத்த பிளவுஸை அளவு பிசகாமல் போட்டுக்கொண்டு சர்ச்சில் ஒரு பெண் வந்தால், அது இவள் கைவேலை என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே முன்னால் நடந்துபோய்விடுவாள்.

கல்யாணத்துக்கு முன்னால் வரும் பையன்களுக்குக் கடைசியாக உபாகமம் 24:5-ஐ வாசித்துக் காட்டுவோம். புதிதாகக் கல்யாணமானவன் யுத்தத்துக்குப் போக வேண்டாம், வேறு எந்த வேலையையும் அவன்மேல் சுமத்த வேண்டாம், ஒரு வருஷம் வீட்டில் இருந்து தன் மனைவியைச் சந்தோஷப்படுத்தட்டும் என்று மோசே காலத்திலேயே சட்டம். இந்தக் காலத்தில் ஒரு வருஷம் யாருக்கும் லீவு கிடைக்காது. ஓவர்டைமைக் குறைத்துக்கொள்ளலாம். ஞாயிறு டியூட்டியை மாற்றிக்கொள்ளலாம். முதல் மாதமே அவளோடு போய் அவள் ரத்த அளவை ஒருமுறை பார்த்துவிடலாம். எங்களால் முடிந்ததை ஆயரிடம் பேசி நாங்களும் செய்தோம். புதுமாப்பிள்ளையை அந்த ஒரு வருஷம் பாடகர் குழுப் பயிற்சி, வாலிபர் கூட்டம், தெருப் பிரசங்கம் என்று எதிலும் பொறுப்பு கொடுத்து இழுப்பதில்லை. சபையை நிர்வகிக்கிற பாஸ்டரேட் கமிட்டித் தேர்தலிலும் அவன் பெயரை யாரும் முன்மொழிவதில்லை. விருப்பப்பட்டால் மனைவியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆராதித்துவிட்டுப் போகலாம்.